துப்பாக்கி கற்ற ரயில்வேக்காரர்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகிய நான்கையும் வீழ்த்தி, ஐந்தாவதாக ஓர் உடும்பிற் போய்த் தங்கியது என்று புலவர் வன்பரணர் பாடிய செய்தி புறநானூற்றில் உளது. நம்மிற் பலர் அதனைப் பள்ளியிற் படித்து வியந்திருப்போம். ஆயின் ஓரி அக்கைத்திறனை யாரிடம், எவ்வாறு கற்றான் என்பதைப் புலவர் கூறவில்லை. புகழ்பெற்ற வில்லாளர் பலருடைய கதையும் இத்தகையதே. முடிவு தெரியும், பயின்ற வழி தெரியாது.

பயின்ற வழியும் தெரிகின்ற ஒருவருடைய வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம். அவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை ஒழித்தவர் என்று உலகம் அவரை அறியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேச் சரக்கு மாற்றும் துறையில் உழைத்தவர் என்பதைப் பலர் அறியார். சரக்குப் பகுதியில் எழுத்தராகப் பணிபுரியும் எமக்கு அவர்பால் உண்டான பற்றுக்கு அதுவும் ஒரு காரணம்.

மட்டாஞ்சேரித் தமிழர் மலரில் இமயமலைச் சாரலில் வாழ்ந்த ஒருவருக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவலாம். நம் காலனிப் பிள்ளைகளிற் சிலர் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து ரைபிள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கின்றனர். அது கேட்டுத் தாய்மார் சிலர் கலங்குகின்றனர். தந்தையர் சிலர் பெருமை கொள்கின்றனர். கலங்குவோர்க்கும் பெருமை கொள்வோர்க்கும் ஒருங்கே பயன்படக்கூடிய வரலாறு இது என்பது எமது துணிபு.

பிறப்பும் இளமையும்

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25-ஆம் நாள் நைனிதாலிற் பிறந்தார். ஐரிஷ் வழி வந்த குடும்பம். தந்தையார் கிறிஸ்டோபர் அவ்வூர் அஞ்சலகத் தலைவர். பிள்ளைகள் பலர்; வருவாய் அளவானது. கோடையில் நைனிதாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலும் வாழ்வது அக்குடும்பத்தின் வழக்கம். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன் தந்தையார் காலமானார். தாயார் மேரி ஜேன் துணிவுடையவர். குடும்பம் சிதறாமற் காத்தார். மூத்த தமையன் டாம் அஞ்சலகப் பொறுப்பை ஏற்றுத் தம்பியருக்குத் தந்தை நிலையில் நின்றார்.

காலாதுங்கியைச் சூழ்ந்திருந்த காடே சிறுவன் ஜிம்முக்கு இரண்டாவது பள்ளியாயிற்று. முதலில் அவன் கையிற் கிடைத்தது உண்டிவில். பின்னர் வில்லும் அம்பும். அதன் பின்னரே துப்பாக்கி. அதுவும் எத்தகைய துப்பாக்கி? உறவினர் ஒருவர் தந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்க வேண்டிய வகை. அதன் ஒரு குழல் முன்னமே வெடித்துப் பாழாகியிருந்தது. முறிந்த கட்டையைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள். எஞ்சியது ஒரே குழல். சுட்டால் ஒரே வெடி. மீண்டும் கெட்டிப்பதற்குள் பறவையும் பறந்துவிடும், விலங்கும் மறைந்துவிடும். மருந்தும் ரவையும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஆகவே நன்றாக நெருங்கி, நிச்சயப்படுத்திக் கொண்டு, அதன் பின்னரே விசையை அழுத்த வேண்டும் என்னும் பழக்கம் வறுமையின் கொடையாகவே அவனுக்கு வாய்த்தது.

காட்டை அவனுக்குக் கற்பித்தவர்களுள் குன்வர் சிங் என்னும் ஊர்த்தலைவர் குறிப்பிடத்தக்கவர். சட்டத்தின் கண்ணிற் படாமல் வேட்டையாடுவதிற் கைதேர்ந்தவர் அவர். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பியருக்கு அக்கட்டு இல்லை. எனவே கார்பெட் குடும்பத்துச் சிறுவன் தடையின்றிக் கற்ற கலையை அவ்வூர்க் குடியானவன் மகன் கற்றிருக்க இயலாது. ஒருவருடைய திறமையைப் போற்றும்போது அவருக்குக் கிடைத்த வாய்ப்பையும் உடன் கணக்கிடுவதே நேர்மை.

இருநூறு கெஜம்

பத்து வயதில் ஜிம் நைனிதால் தொண்டர் ரைபிள் படையின் மாணவர் பிரிவிற் சேர்ந்தான். அக்காலத்தில் இங்கிலாந்தில் தொண்டர் படைகள் பெருகி, அவற்றின் வழியே நெடுந்தூர இலக்குச் சுடுதல் ஒரு பொழுதுபோக்காகவும் வளர்ந்து வந்தது. அந்நாட்டின் தேசிய ரைபிள் சங்கம் 1890 முதல் பிஸ்லி என்னும் ஊரில் ஆண்டுதோறும் போட்டிகள் நடத்தி வருகிறது. அங்கே ஆயிரம் கெஜத் தொலைவிலுள்ள இலக்கையும் சுடுவார்கள். அவ்வழக்கம் இந்தியாவிற்கும் வந்தது. ரயில்வேக் கம்பெனிகளின் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய ஊழியரைக் கொண்ட தொண்டர் படைகளும் இருந்தன. நம் தென்னிந்திய ரயில்வேக்கும் அத்தகைய படை ஒன்று இருந்தது.

மாணவர் பிரிவுக்கு அளிக்கப்பட்டது மார்ட்டினி வகை ரைபிள். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடலாம். அதன் ஈயக் குண்டு ஏறக்குறைய நான்கு பவுன் எடை. சுட்டவுடன் கட்டை பின்னோக்கித் தோளில் இடிக்கும் இடியைப் பெரியவர்களே அஞ்சுவர். பத்து வயதுப் பாலகனின் தோள் என்னாகும்! ஆயினும் இடிக்கு அஞ்சிக் கண்ணை மூடினால் குறி தவறும். இடி வரும் என்று அறிந்திருந்தும் உடலை இறுக்காமல் இருக்கப் பழகுவதே ரைபிள் பயிற்சியின் முதற்பாடம்.

தூரத்து இலக்கைச் சுடுவது எங்ஙனம் என்பதை இளைஞர் பொருட்டுச் சிறிது விளக்குவோம். குழலை விட்டுப் புறப்பட்ட குண்டு நேர்கோட்டில் செல்வதன்று. எறிந்த கல்லைப் போலத் தாழ்ந்துகொண்டே செல்வது. மார்ட்டினியின் குண்டு இருநூறு கெஜம் செல்வதற்குள் ஏறக்குறைய நான்கடி தாழ்ந்துவிடும். ஆதலால் துப்பாக்கியின் பின்புறத்திலுள்ள பிளவுப் பட்டையைத் தூரத்திற்கேற்ப உயர்த்த வேண்டும். உயர்த்திய பிளவின் நடுவே குழல் நுனியிலுள்ள முள் தெரிய, முள்ளின் மேலே இலக்குத் தெரிய, இம்மூன்றும் ஒரு வரியில் நிற்க வேண்டும். குறுக்கே காற்று அடித்தால் குண்டு ஒதுங்கும். புல்லின் அசைவைக் கண்டு அதற்கும் ஈடு செய்ய வேண்டும். இவ்வளவும் செய்த பின், மூச்சைப் பாதி வெளிவிட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல், பழம் கனிந்து தானே காம்பு விடுவது போல மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். அவசரம் ஒன்றே போதும், அத்தனையும் பாழாக்க.

இப்பயிற்சி நிகழ்ந்த நாள்களுள் ஒன்றில், உயர் அதிகாரிகள் சிலர் பார்வையிட வந்திருந்தனர். பின்னாளில் பீல்டு மார்ஷல் ராபர்ட்ஸ் பிரபு எனப் பெயர் பெற்றவரும் அவர்களுள் ஒருவர். சிறுவன் ஜிம் சுட்ட திறம் அவர்களைக் கவர்ந்தது. விளைவாகப் படையின் மார்ட்டினி ரைபிள் ஒன்று அவனுக்கு இரவலாகக் கிடைத்தது. வேண்டிய தோட்டாக்களும் தரப்படும். ஆனால் துப்பாக்கியைத் துடைத்துத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. ஸ்டோர் இருப்புக் கணக்கெழுதி வாழும் எம்மைப் போன்றோர்க்கு இவ்வேற்பாட்டின் அருமை நன்கு விளங்கும். வெளியே செல்லும் ஒவ்வொன்றிற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு கூடு குறைந்தாலும் கேள்வி எழும். இத்தகைய கணக்கோடு வளர்ந்தவன் கை வீணாக விசையை அழுத்தாது. அந்த ரைபிளைக் கொண்டே ஜிம் தன் முதற் சிறுத்தையை வீழ்த்தினான்.

மொகாமா காட்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குடும்ப நிலை அவரை வேலைக்கு அனுப்பிற்று. மேற்படிப்பிற்கு வசதியில்லை. வங்காள, வடமேற்கு ரயில்வேயில் மாதம் 100 ரூபாய்ச் சம்பளத்தில், இஞ்சின்களுக்கு விறகு வெட்டுவிக்கும் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். பின்னர் 1895-ஐ ஒட்டிக் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. வயது இருபது.

அகலப்பாதை வண்டியில் வந்த சரக்கை இறக்கி மீட்டர் பாதை வண்டியில் ஏற்றுவதென்றால் என்ன என்பது நம் தந்தையர் காலத்து ரயில்வேக்காரர்க்குத் தெரியும். மூட்டை ஒவ்வொன்றும் மனிதன் தலையில் ஏறி இறங்க வேண்டும். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகு மூட்டையும் அரிசி மூட்டையும் சுமந்தோரைக் கண்டவர்க்கும் அக்காட்சி புதியதன்று. தேங்கிக் கிடந்த சரக்கு மலைபோல் இருந்தது. கார்பெட்டும் நிலைய அதிகாரி ராம் சரணும் ஆட்களோடு ஆட்களாக நின்று நிலக்கரி வாரினர். தொடக்கத்தில் கம்பெனியிலிருந்து பணம் வரத் தாமதமாயிற்று. தொழிலாளர் ஒரு வேளை உணவோடு உழைத்தனர். பின்னர் இருவரும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்றும் ஏற்படுத்தினர். சாதி வேற்றுமையால் ஒரே அறையில் அமர மறுத்தவர்கள் சுவரில்லாத கொட்டகையில் அமரத் தடையில்லை எனக் கண்டு, சுவர்களை அகற்றிவிட்டனர்.

இவ்வாறு ஆண்டு முழுதும் கரித்தூளில் உழைத்த மனிதருக்குக் காடும் ரைபிளும் ஓய்வு நாளின் இன்பம். வேட்டை அவருக்குத் தொழிலன்று. அதனாற் பணம் ஈட்டியவரும் அல்லர். இஃது அடுத்து நாம் கூறப்போகும் நிகழ்ச்சியில் நன்கு புலனாகும்.

உடைந்த பற்கள்

1907-ஆம் ஆண்டில் குமாவுனில் சம்பாவத் என்னும் ஊர்ப்பகுதி நடுங்கிக் கொண்டிருந்தது. நேபாளத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த பெண்புலி ஒன்று, இரு நாடுகளிலுமாக 436 உயிர்களைப் பலி கொண்டது என்பது கணக்கு. கதவைத் திறந்து புழங்க மக்கள் அஞ்சினர். அதை ஒழிக்க இயலுமா என்று அரசினர் கார்பெட்டை வேண்டினர். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலிக்கு அறிவித்த பரிசுத் தொகையை நீக்கிவிட வேண்டும். அக்காட்டில் திரியும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பரிசுக்காகச் சுடுபவன் என்னும் பெயர் வேண்டாம் என்பது முதலாவதன் கருத்து. தவறிச் சுடுபவர்கள் பலர் திரியும் காடு புலியைவிட ஆபத்தானது என்பது இரண்டாவதன் கருத்து.

தாசில்தார் ஊராரை ஏறக்குறைய முந்நூறு பேர் திரட்டினார். உரிமமில்லாத துப்பாக்கிகளைக் கொண்டு வந்தாலும் அன்று கண்டுகொள்வதில்லை என்று அவர் உறுதி கூறவே, ஒளித்து வைத்திருந்த பழந்துப்பாக்கிகள் பல வெளிவந்தன. அவர்கள் மலைமேல் நின்று எழுப்பிய பேரொலியிற் புலி வெளிப்பட்டது. கார்பெட்டிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள். இரண்டு முறைக்கு மேற் சுட வாய்ப்பிராது, மூன்றாவது ஆபத்துக்கென்று எண்ணிக் கொண்டு வந்தவை. மூன்றும் தீர்ந்தன, புலி காயமுற்றும் விழவில்லை. ஓடிச் சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து சுட்டார். புலியின் திறந்த வாய்க்கு வைத்த குறி, பாதத்திற் போய்ப் பட்டது. நல்வினையாக, முன்பு பட்ட குண்டுகளே புலியின் உயிரைப் போக்கியிருந்தன. நெடுநாட் பயின்ற கைக்கும் பழகாத கருவி துணை செய்யாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. மாண்ட புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேல் கோரைப்பல் பாதி முறிந்தும், கீழ்ப்பல் எலும்பு வரை உடைந்தும் இருந்தன. என்றோ ஒருவன் குறி தவறிச் சுட்ட குண்டு செய்த வேலை அது. பல் உடைந்ததனால் தனக்கு இயல்பான இரையைப் பிடிக்க மாட்டாமல் அப்புலி மனிதனைப் பிடிக்கத் தலைப்பட்டது என்பது கார்பெட் கண்ட முடிபு. சுட்டவன் யாரோ, அவன் பெயரை எவரும் அறியார். புலி தப்பிவிட்டதே என்று வருந்தி வீடு திரும்பியிருப்பான். அன்றிரவு நன்றாக உண்டு உறங்கியும் இருப்பான். அவன் விட்ட ஒரு தோட்டாவின் பற்றுச் சீட்டில் 436 பெயர்கள் எழுதப்பட்டன. வெற்றுக் கூட்டைத் திருப்பிக் கேட்பதற்கு அவனுக்கு ஓர் ஆசிரியர் இல்லாமற் போனாரே என்று எண்ணுந்தோறும் எம் நெஞ்சம் கனக்கின்றது.

அப்புலியை ஒழித்ததற்காக மாகாணத் துணை ஆளுநர் ஹ்யூவெட், கார்பெட்டுக்கு ரிக்பி கம்பெனியின் .275 ரைபிள் ஒன்றைப் பரிசளித்தார்.

ருத்ரப்பிரயாகையும் சௌகரும்

பத்ரிநாதம், கேதாரநாதம் சென்று வந்த நம் குடும்பத்தார் ருத்ரப்பிரயாகையில் ஆறுகள் கூடும் இடத்தைக் கண்டிருப்பர். அந்த யாத்திரை வழியில் 1918 முதல் 1926 வரை சிறுத்தை ஒன்று 125 பேரைக் கொன்றது. இருட்டியபின் வெளிவருவோர் இல்லை. கார்பெட் வாரக்கணக்கிற் பின்தொடர்ந்தும் அது பலமுறை தப்பிற்று. 1926 மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்னுமிடத்தில் மாமரம் ஒன்றின் மீது பத்து இரவுகள் வீணே காத்திருந்தார். பதினோராம் இரவு, கீழே கட்டியிருந்த ஆட்டின் மணியோசை அறிவித்தது. ரைபிளிற் பொருத்திய மின்விளக்கை அழுத்தினார், சிறுத்தை தெரிந்தது, விசையை அழுத்தினார், விளக்கும் அணைந்துவிட்டது. பொழுது விடிந்த பின்னரே அது மாண்டு கிடந்ததைக் கண்டார். ஒரே தோட்டா. அதன் பின்னே எத்தனை இரவுகளின் பொறுமை!

1930-இல் சௌகர்ப் பெண்புலியைச் சந்தித்தது இன்னும் வியப்பானது. ஓடைப்படுகையில் செல்கையில், பறவை முட்டைகள் சேகரிக்கும் விருப்பமுடைய அவர், இரண்டு முட்டைகளை இடக்கையில் எடுத்து வைத்திருந்தார். பாறையைச் சுற்றித் திரும்பியபோது புலி சில அடி தூரத்தில் அவரை நோக்கிப் படுத்திருந்தது. திடுக்கிட்டு அசைந்தால் பாயும். வலக்கை ஒன்றினாலேயே ரைபிளை மெல்ல மெல்லத் திருப்பி, குழல் புலிக்கு நேரே வந்ததும் சுட்டார். புலி மாண்டது; முட்டைகள் உடையவில்லை. கையில் முட்டை இருந்ததனாலேயே வேகமாக அசையாதிருந்தார் என்றும் கொள்ளலாம். அவற்றைக் கூட்டிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சென்றார்.

துப்பாக்கியை விட்டுக் காமிரா

அவர் ஆட்கொல்லிகளை மட்டுமே சுட்டார் என்று எழுதுவது முகமனாகும். பொவல்கரில் வாழ்ந்த பெரிய ஆண்புலி ஒன்றை 1930-இல் வேட்டை இன்பத்திற்காகவே சுட்டார். அது மனிதனைத் தீண்டியதன்று. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் கை துப்பாக்கியினின்று காமிராவை நோக்கிச் சென்றது. வனத்துறை அதிகாரி சாம்பியன் எடுத்த புலிப்படங்களைக் கண்டு ஊக்கமுற்று, சினிமாக் காமிரா ஏந்திக் காட்டிற் காத்திருந்தார். ஓசையின்றி நெருங்குதல், காற்றின் திசை அறிதல், மூச்சடக்கிக் காத்தல் ஆகிய ரைபிள் கற்பித்த பாடங்கள் அனைத்தும் அங்கும் பயன்பட்டன. 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா குமாவுன் அடிவாரத்தில் அமைந்தபோது அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் மறைவுக்குப் பின் அப்பூங்காவுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது; 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் அங்கேயே தொடங்கிற்று.

முதல் உலகப் போரில் குமாவுன் மக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். இரண்டாவது போரில், எழுபதை நெருங்கிய வயதில், படையினருக்குக் காட்டுப் போர் முறை கற்பித்தார். 1944-இல் வெளியான அவருடைய முதற் பெருநூல் குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றியது. அது பல நாடுகளிற் பரவிற்று. திருமணம் செய்துகொள்ளாத அவர் 1947-இல் தமக்கை மாகியுடன் கென்யாவுக்குக் குடிபெயர்ந்தார். புறப்படுமுன் காலாதுங்கி அருகே தாம் வளர்த்த சோட்டி ஹல்துவானி கிராமத்து நிலத்தை உழுதவர்க்கே விட்டுச் சென்றார். 1955 ஏப்ரல் 19-இல் நியேரியிற் காலமானார். பிறந்த மண்ணைவிட்டு வேற்றூரில் வாழ்வோர்க்கு அவருடைய இறுதிக்காலம் தனியாக விளக்க வேண்டியதன்று.

நமக்கு ஆவது

இன்று காலம் மாறிவிட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை என்பது பொழுதுபோக்கன்று, குற்றம். எஞ்சியிருப்பது காகித இலக்கைச் சுடும் கலை ஒன்றே. அஃது இன்று ஐரோப்பியர்க்கு மட்டும் உரியதும் அன்று. 1948-இல் தேசிய மாணவர் படையும், 1951-இல் இந்தியத் தேசிய ரைபிள் சங்கமும் ஏற்பட்டபின், குன்வர் சிங்கின் ஊர்ப் பிள்ளைக்கு அன்று மூடியிருந்த கதவு நம் பிள்ளைகளுக்குத் திறந்தது. கடலூரிற் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் என்னும் தமிழ்ப்பெண் 2019-இல் ரைபிள் பிரிவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். வெளியூர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணொருத்தி அடைந்த அச்சிறப்பு நமக்கும் உவகை தருவது.

ஆகவே கலங்கும் தாய்மார்க்கு ஒன்று கூறுவோம். முறையாக ரைபிள் கற்ற பிள்ளை, கோபம் வந்தவுடன் கையை ஓங்கும் பிள்ளையாக இரான். மூச்சை அடக்கவும் காத்திருக்கவும் கற்ற பிள்ளையாகவே இருப்பான். பெருமை கொள்ளும் தந்தையர்க்கும் ஒன்று கூறுவோம். பதக்கம் எத்தனை என்று கேட்பதற்கு முன், துப்பாக்கியைத் துடைத்தாயா, வெற்றுக் கூடுகளை எண்ணிக் கொடுத்தாயா என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்க ஒருவர் இருந்த சிறுவன் ஜிம் கார்பெட் ஆனான். கேட்க எவரும் இல்லாதவன் சுட்ட குண்டுக்கு விடை சொல்ல, சம்பாவத்து மக்கள் தங்கள் உயிரைத் தர வேண்டியிருந்தது.

நம் இளைஞர் குறி பிறழாது வாழ்க! சங்கம் ஓங்குக!